பாய் கடைக்கு வந்த டெலிபோன்

போன ஞாயிறு ஈஜோக் சாலையோரத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நம்மில் ஒருவர் சொன்னார்: "அப்பல்லாம் கையில போன் ஏது? ஆனா கூட்டாளின்னா கூட்டாளியா இருந்தோம் லா. இப்ப எல்லார் கையிலயும் போனு, ஒருத்தனும் கூப்புட மாட்றான்." எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். மறுபடி சைக்கிளில் ஏறி, புஞ்சாக் ஆலாம் மேட்டில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வரும்போதுதான் நான் ஏன் தலையாட்டினேன் என்று இருந்தது. எனக்குத் தெரிந்தது வேறு கதை. அதனால் நம் சைக்கிள் குழுவின் வாட்ஸ்அப்பில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிற நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாதி ரப்பர், பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை. வயதான ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். அந்த வேலையில் ஒரு மரம் சாய்ந்துதான் ஆயாவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஆயா என்றால் வயதானவர் என்று நினைத்துவிடாதீர்கள். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பால் சீவப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர், அவ்வளவுதான். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்காது.

அவருடைய ஒரே மகள், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் மகள், லோரிக்காரர் மகளான நான். நாங்கள் மூவரும் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. ஆயா மகள் நடுவில். அவள் பள்ளிக்கு வரும்போதே உடம்பில் பால் புளித்த வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் இருக்கும். காலையில் கொட்டகையில் அம்மாவுக்கு உதவிவிட்டுத்தான் வருவாள். எந்தக் குழந்தை அழுதாலும் அவள் தூக்கினால் நின்றுவிடும். அது ஒரு வரம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அந்த வரம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

சைக்கிள் கிராணி மகளுடையது. பச்சை நிறம், பெண்கள் ஓட்டுகிற மாதிரி குறுக்குக் கம்பி இல்லாதது. முன் சக்கரத்தில் உரசி ஓடும் டைனமோ விளக்கு உண்டு. அதைப் போட்டால் மிதிப்பது கனக்கும் என்று பகலில்கூடப் போட்டுப் பார்ப்போம். மூவரில் நன்றாக ஓட்டத் தெரிந்தவள் ஆயா மகள்தான். கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, திடலைச் சுற்றி வருவாள். முகத்தில் சிரிப்புகூட இருக்காது. வேலைக்குப் போகிறவளைப் போல ஓட்டுவாள்.

ஆறாம் வகுப்பு முடிந்த வருடக் கடைசி. மழைக்காலம். ஒருநாள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஆயாவின் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஆயாவின் நாத்தனார், அதாவது ஆயா மகளின் அத்தை, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். அவருடைய கணவர் ஏதோ அரசாங்க ஆபீசில் பெரிய வேலை. அத்தை அருமையாக உடுத்தியிருந்தார். கையில் பிறந்து சில மாதமான குழந்தை. அது வீறிட்டு அழுதது. ஆயா மகள் வாங்கித் தோளில் போட்டாள். நின்றது.

"அண்ணன் இருந்திருந்தா இவள டவுனு ஸ்கூல்லதான் படிக்க வெச்சிருப்பாரு," என்றார் அத்தை. "நான் வெச்சிக்கிறேன் அண்ணி. எங்க வூட்டுப் பக்கத்துலயே பெரிய ஸ்கூல் இருக்கு. படிக்கட்டும். பாப்பாவுக்கும் தொணையா இருக்கும்."

கடைசி வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை. தோட்டமே பூரித்துப்போனது. என் அம்மா அன்றைக்கு அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னார்: "பாத்துக்க. அவ நாளைக்கு டைப்பிஸ்டா வந்து நிப்பா. நீ இங்க ஆட்டுக்குத் தழை ஒடிச்சிக்கிட்டு இரு." எனக்குப் பொறாமையாக இருந்தது. கிராணி மகளுக்கு அழுகை வந்தது. அவள் எங்களில் கெட்டிக்காரி. அழுதுகொண்டே ஒரு வழியும் கண்டுபிடித்தாள்.

கோல சிலாங்கூர் கடைத்தெருவில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையின் பெயர்ப்பலகையில் டெலிபோன் நம்பர் பெரிதாக எழுதியிருக்கும். கிராணி மகள் அந்த நம்பரை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு ஆயா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கார் புறப்படும்வரை இரண்டு பேரும் அதைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். "ஞாயித்துக்கெழம காலையில நாங்க அங்க இருப்போம். நீ அடி," என்றாள் கிராணி மகள். ஆயா மகள் தலையாட்டினாள். அவளுடைய துணிப்பை காரின் பின்பெட்டியில் ஒரு மூலையில் கிடந்தது. அவ்வளவுதான் அவள் சாமான்.

ஜனவரியில் நானும் கிராணி மகளும் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முதலில் மலாய் பழக ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு. பள்ளி மத்தியானம்தான். என் அப்பாவின் லோரியிலேயே போய்வருவோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது. நெத்திலி வாங்கிவருகிறோம், வெற்றிலை வாங்கிவருகிறோம் என்று அம்மாக்களிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துவிடுவோம்.

ஒருத்தி மிதிக்க, ஒருத்தி பின்னால். செம்மண் ரோடு முடிந்து தார் ரோடு வந்ததும் இடம் மாறுவோம். மழை பெய்த மறுநாள் என்றால் சகதி முதுகுவரை தெறிக்கும். ரப்பர் காட்டுக்குள் கொட்டாங்குச்சியில் பால் ஊறிக் கெட்ட வாடை வரும். அதைத் தாண்டினால் மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகளில் காப்பி வாசனை, அப்புறம் தென்னந்தோப்பு, அப்புறம் ஆற்றுக்காற்றோடு கருவாட்டு வாடை. அந்த வாடை வந்தால் பட்டணம் வந்துவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய பட்டணம் தெரியுமா? இன்றைக்கு நாம் காரில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுகிற கடைவரிசைதான். சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர், ஐஸ் சீவி ஐஸ் காச்சாங் விற்கும் சீனர், மலைமேல் கலங்கரை விளக்கு, அங்கேயிருந்து இறங்கிவந்து கடைக் கூரைகளில் உட்கார்ந்திருக்கும் கருங்குரங்குகள். சைக்கிளை ஒரு தூணில் சாய்த்துவிட்டு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்போம். அதுவே பெரிய சுகம்.

பாய்க்கு எங்கள் திட்டம் முதல் நாளே தெரிந்துவிட்டது. டெலிபோன் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில், பிஸ்கட் போத்தலுக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் இருந்தது. கறுப்பு நிறம், விரல் விட்டுச் சுற்றுகிற வகை. மணி அடித்தால் அடுப்படிவரை அதிரும்.

"யார் வூட்டுப் புள்ளைங்க நீங்க?" என்று கேட்டார். சொன்னோம். "வாற போனுக்குக் காசா என்ன, பேசுங்க. நடுவுல ஆர்டர் எதுவும் வந்தா வெச்சிரணும், சரியா?" என்றார். அவருடைய குடும்பம் தமிழ்நாட்டில் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. அவருக்கும் எங்கள் வயதில் ஒரு மகள். அவள் பேசப் பழகும் முன்னே இங்கே வந்தவர், நடுவில் ஒரே ஒரு முறைதான் ஊருக்குப் போயிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. டீ ஆற்றுகிறவர் சொன்னார்.

முதல் ஞாயிறே அவள் கூப்பிட்டாள். ஒரே ரிசீவரில் கிராணி மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் காதை ஒட்டிக்கொண்டோம். ரிசீவரில் பாயின் அத்தர் வாசனை.

"இங்க லைட்டு எல்லாம் கலர் கலரா இருக்கு," என்றாள் ஆயா மகள். "படி தானா மேல போவும். நாம நின்னா போதும். பஸ்ஸு வந்துக்கிட்டே இருக்கும்."

"நீ அந்தப் படியில ஏறுனியா?"

"ஏறுனேன்."

"பயமா இல்ல?"

"இல்ல," என்றாள்.

அன்று திரும்பும் வழியெல்லாம் நாங்கள் அந்தப் படியைப் பற்றித்தான் பேசினோம். தானாக மேலே போகிற படியில் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எங்கே இறக்கிவிடும் என்று கிராணி மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மேட்டில் அவள் மிதிக்க முடியாமல் திணறியபோது, நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, "நாமதான் அந்தப் படி," என்றேன். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் சைக்கிளோடு வரப்பில் விழுந்தோம்.

அப்படிப் பல ஞாயிறுகள். அவள் கோலாலம்பூரைச் சொல்வாள். நாங்கள் ரிமூவ் வகுப்பைச் சொல்வோம். மலாய் வாத்தியார் என் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவதை, கோயிலில் புதுப் பூசாரி வந்ததை, செம்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி தோண்டிப்போட்டதை. எங்கள் பக்கம் சொல்லச் சொல்ல வளர்ந்தது. அவள் பக்கம் வளரவில்லை. அதே லைட்டு, அதே படி, அதே பஸ். எப்போதும் பின்னால் குழந்தை அழும் சத்தம், இல்லாவிட்டால் தண்ணீர் ஓடும் சத்தம்.

கிராணி மகள்தான் முதலில் கேட்டாள். "ஒன் யூனிபோர்ம் என்ன கலரு?"

"நீலம்."

"எங்களுதும் நீலம்தான். ஒங்க டீச்சர் பேரு என்ன?"

குழந்தை அழுதது. "பாப்பாவுக்குப் பால் கலக்கணும்," என்றாள்.

"அத்த எங்க?"

"பாசாருக்குப் போயிருக்காங்க. காய் வாங்க. எல்லாரும் போயிருக்காங்க."

"நீ போவலியா?"

"பாப்பா தூங்குது," என்றாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது எங்களுக்கே கேட்டது.

இன்னொரு ஞாயிறு நான் கேட்டேன்: "அங்க சைக்கிள் ஓட்டுறியா?" "சைக்கிள் நெறைய இருக்கு," என்றாள். "மேல் வூட்டு ஜன்னல்ல நின்னா போறது தெரியும்." பிறகு, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், "அம்மாகிட்ட சொல்லி என்ன வந்து பாக்கச் சொல்லுங்க," என்றாள். உடனே வைத்துவிட்டாள்.

நாங்கள் நெத்திலி வாங்க மறந்து நேராக ஆயாக்கொட்டகைக்குப் போனோம். ஞாயிறு ஆனதால் குழந்தைகள் இல்லை. ஆயா ஏணைத் துணிகளை அலசிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூச்சிரைக்கச் சொன்னோம். அவர் ஒரு துணியை உதறி, ஓரம் இழுத்து, நிதானமாகக் காயப்போட்டார்.

"அத்த வூடுதாண்டி. அந்நியமா?"

"பள்ளிக்கூடம் போற மாரி தெரியல," என்றாள் கிராணி மகள்.

"ஒனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நாங்கள் நின்றோம்.

"இங்க கூட்டியாந்து என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார் ஆயா. கோபமில்லை. "மரம் வெட்டத்தான் போவணும். மரமும் இன்னும் எத்தன நாளைக்கோ. அங்க வேளைக்குச் சோறு இருக்கு. போங்க, ஒங்கம்மா தேடப்போறாங்க."

அன்று அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். இப்போது அந்த முகத்தை நினைத்துப்பார்த்தால், எங்களுக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்றுதான் படுகிறது. தெரிந்தும் எடுத்துவைக்க அவரிடம் வேறு ஒன்றும் இல்லை. என் அப்பாவிடம் சொன்னதற்கு, "மத்தவங்க வூட்டு சங்கதி. வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரு," என்றார். கிராணி வேறு விதமாகச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்குக் குடுத்து வெச்சிருக்கு. அதப் பாத்து ஒங்களுக்கு ஏன் எரியுது?"

மிச்சமிருந்தவர் பாய் ஒருவர்தான். அவரிடம் சொன்னோம். அவர் கல்லாவை மூடிவிட்டு எங்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். ஒரு பெரியவர் எங்கள் பேச்சை உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் மசாலாச் சாமான் எடுக்க கோலாலம்பூர் போவேன்ல. போய்ப் பாத்துட்டு வாரேன். அட்ரஸ் வாங்கிக்கிட்டு வாங்க," என்றார். ஆயா கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் பறந்துகொண்டு போனோம். பாய் எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன புள்ளைகளா, இப்புடிப் பயந்துட்டீங்க. அரமண கணக்கா வீடு. காத்தாடி சுத்துது, டீவி இருக்கு. அந்தம்மா மரியாதையா உள்ள கூப்புட்டு உக்கார வெச்சாங்க. ஒங்க கூட்டாளிதான் எனக்கு டீ போட்டுக் கொண்டாந்துச்சு. என்னமா போட்டுருக்கு தெரியுமா? தட்டுல பிஸ்கட்டு வெச்சி, தலை குனிஞ்சி, என்ன மரியாதை. நல்லா வளக்குறாங்க."

எங்கள் ஆயா மகளுக்குத் தலைகுனியத் தெரியாது. கிராணி மகள் என்னைப் பார்த்தாள்.

"என்னைக்கிப் போனீங்க பாய்?"

"புதங்கெழம. காலையில பத்து, பத்தரை இருக்கும்."

"பள்ளிக்கூட நாளாச்சே."

பாய் கொஞ்சம் யோசித்தார். "ஒங்களுக்கு மத்தியானப் பள்ளிதானே? அதுக்கும் அப்புடித்தான் இருக்கும்."

அது சரியாகத்தான் இருந்தது. அவர் மறைக்கவில்லை, ஏமாற்றவில்லை. தன் மகள் வயதுப் பிள்ளை ஒன்று காத்தாடிக்கு அடியில் வயிறாரச் சாப்பிட்டு நிற்பதைக் கண்டார், மனம் நிறைந்துபோனார். அந்த நிறைவில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "நான் அந்தம்மாகிட்டச் சொன்னேன். ஒங்க மருமக ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணுது, இதுங்க ரெண்டும் சைக்கிள் மிதிச்சு வந்து காத்துக் கெடக்குதுங்க, இந்தக் காலத்துல இப்புடிச் சிநேகிதம் ஏதுன்னு. அந்தம்மாவும் சிரிச்சாங்க."

அன்று மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை.

நாங்கள் விடாமல் போனோம். மழை பெய்தால் வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு போனோம். மணி அடிக்கும். பாய் எடுப்பார். "ஆமா, நாசிக் கண்டார் இருக்கு," என்பார், எங்களைப் பார்த்துத் தலையசைப்பார். ஒருநாள் அவரே மனம் பொறுக்காமல், அத்தை வீட்டில் வாங்கி வந்திருந்த நம்பரைச் சுற்றி ரிசீவரைக் கிராணி மகளிடம் கொடுத்தார். அத்தையே எடுத்தார். "அவ படிக்கிறா. பரீட்ச வருது. சும்மா சும்மா போன் பண்ணக் கூடாது, சரியாம்மா?" குரல் இனிமையாகத்தான் இருந்தது. கிராணி மகள், "சரிங்க அத்த," என்றாள். வழியில் ஐஸ் காச்சாங் கடையில் நின்றோம். வாங்கவில்லை. கருங்குரங்கு ஒன்று எங்கள் சைக்கிள் சீட்டைக் கீறிக்கொண்டிருந்தது. விரட்டக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. வெள்ளைக் கார் வந்தது. அத்தை குடும்பத்துக்கு உபயம் இருந்தது. ஆயா மகள் பின் கதவைத் திறந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. ஜரிகை வைத்த பாவாடை, தலையில் ரிப்பன், காலில் பூப்போட்ட செருப்பு. வெயிலே படாமல் நிறம் வெளுத்திருந்தாள்.

பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னமா வெளுத்துட்டா பாரேன். டவுனு தண்ணி. நம்ம புள்ளைங்களும் இருக்குதே." ஆயா மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆயா மட்டும் மகளின் கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்குகள் சோப்பில் ஊறி வெடித்திருந்தன. ஆயா குழந்தையை வாங்கிக்கொண்டு, "போ, கூட்டாளிங்களப் பாத்துட்டு வா," என்றார்.

அவள் எங்களிடம் வந்ததும் முதலில் கேட்டது, "சைக்கிள் எங்க?"

திடலுக்குப் போனோம். கோயில் மேளம் இங்கேவரை கேட்டது. அவள் ஜரிகைப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சுற்றினாள். இரண்டாவது சுற்றில் கைப்பிடியை விட்டாள். கைகளை நெஞ்சோடு கட்டவில்லை, இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருந்தாள். எங்களைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அவள் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள். ஈரப் புல்லில் சக்கரத் தடம் வட்டமாக விழுந்து, அதன்மேல் இன்னொரு வட்டம் விழுந்தது. பாவாடை சங்கிலியில் மாட்டிக் கிழிந்தபோதுதான் நின்றாள். கிழிந்த இடத்தில் கறுப்பாக எண்ணெய். அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உட்கார்ந்து எச்சிலைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினாள்.

"ஏண்டி போன் பண்ணல?" என்று கேட்டேன்.

"டெலிபோன்ல பூட்டு போட்டுட்டாங்க. நம்பர் சுத்துற ஓட்டையில. சின்னப் பூட்டு."

"பள்ளிக்கூடம்?"

"அடுத்த வருசம்னு சொன்னாங்க." தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் அந்தப் படியில ஏறுனது இல்ல," என்றாள். "டீவியில பாத்தேன்."

கிராணி மகள் கோயிலை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே அவள் அப்பா, அத்தையின் கணவருடன் நின்று பேசிக்கொண்டிருந்தார். பெரிய இடத்து மனிதர் தன்னோடு பேசுகிறார் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. கூட்டத்தின் நடுவில் நின்று அவள் சொன்னாள்: "அப்பா, இவள பள்ளிக்கூடத்துலயே சேக்கல. வேலைக்கி வெச்சிருக்காங்க."

மேளம் நிற்கவில்லை. ஆனால் எங்களைச் சுற்றிப் பேச்சு நின்றது. கிராணி சிரித்தார். "புள்ளைங்க வெளையாட்டு, மன்னிச்சிக்கிங்க சார்," என்றார். அத்தை அருகே வந்து கிராணி மகளின் தலையைத் தடவினார். "ரிஜிஸ்டர் பண்றதுக்கு லேட்டாயிடுச்சிம்மா. அடுத்த வருசம் சேத்துருவோம். எனக்கு இவ வேற, எம் புள்ள வேறயா?" எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் அப்பாவும் அங்கே இருந்தார். என் அம்மாவும். நான் ஆயாவைத் தேடினேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டு, சாமியைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். ஆயா மகள் கிழிந்த பக்கத்தை முந்தானையால் மறைப்பதுபோலக் கையால் மறைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் நான் பள்ளிக்கூடம் போவேன்னுதான் சொல்லியிருக்காங்க," என்று யாரிடமோ சொன்னாள். யார் பக்கம் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு வயதில் அவளுக்கு மட்டும் எப்படிப் புரிந்திருக்கும்.

சாயங்காலம் கார் கிளம்பியது. பின் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். குழந்தையின் கையைப் பிடித்து எங்களைப் பார்த்து ஆட்டினாள். குழந்தை டாட்டா காட்டுகிறது என்று எல்லாப் பெண்களும் கொஞ்சிக்கொண்டு கையசைத்தார்கள்.

அடுத்த வருடம் அவளைச் சேர்க்கவில்லை. அத்தைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அதற்கடுத்த வருடம் எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலிசெய்து ஆளுக்கொரு பக்கம் போனோம். ஆயா வேறொரு தோட்டத்தில் போய்ச் சில வருடங்களில் காய்ச்சலில் இறந்தார். ஆயா மகள் காரில் வந்து இறங்கி, தலைமாட்டில் உட்கார்ந்திருந்து, எடுத்ததும் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்களுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. கிராணி மகள் ஆசிரியை ஆனாள். நான் ஆஸ்பத்திரியில் தாதி ஆனேன். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்கடன், மாற்றல். அவளைத் தேடாமல் இல்லை. தேடினோம் என்று சொல்லவும் முடியாது.

சென்ற வருடம் ஈஜோக்கில் ஒரு கல்யாணத்தில் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அவள் புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறாள். அத்தையும் அவர் கணவரும் ஓய்வுபெற்றதும் அங்கே வீடு வாங்கிக் குடிபோனார்கள். அவளும் கூடப் போனாள். அத்தையின் கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் ஆஸ்திரேலியாவில். அத்தை படுத்த படுக்கை. ஆயா மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் அத்தைக்குப் பிடிக்கவில்லையாம்.

நானும் கிராணி மகளும் போன மாதம்தான் போனோம். கிராணி மகளுக்கு முட்டி போய்விட்டது, அதனால்தான் நம் சைக்கிள் கூட்டத்துக்கு வருவதில்லை. என் காரில் போனோம். ஆயா மகளை வெளியே கூட்டிப்போய், ராவாங்கில் நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பிட்டு, சாயங்காலம்வரை சுற்றிவிட்டு வரலாம் என்பது எங்கள் திட்டம். வழியெல்லாம் எந்தக் கடை என்று பேசிக்கொண்டே போனோம்.

அவளே கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்து, சின்னக் கொண்டை. எங்களை உடனே தெரிந்துகொண்டாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க," என்றாள். "அத்தையத் திருப்பிப் படுக்க வெக்கணும். பக்கத்து வூட்டு இந்தோனேசியாக்காரப் பொண்ணு வந்து கை குடுக்கும். இன்னைக்கி வரல."

சாப்பாட்டுக் கடையைப் பற்றிக் கிராணி மகள் பேச்செடுத்தாள். "எப்புடி வர்றது?" என்றாள் அவள். அதில் வருத்தம்கூட இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல் இருந்தது.

உள் அறைக்குப் போனோம். கட்டிலில் அத்தை ஒரு பிடியளவு கிடந்தார். நான் எத்தனையோ வருடம் வார்டில் நின்றவள். நீண்ட நாள் படுக்கையில் கிடப்பவர்களின் அறையில் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அது இல்லை. முதுகில் ஒரு புண் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நகங்கள் வெட்டியிருந்தன. அவ்வளவு சுத்தமாக ஒரு நோயாளியை என் வார்டில்கூட நான் வைத்திருந்ததில்லை. அதைக் கண்டு எனக்குப் பெருமைப்படுவதா, வாய்விட்டு அழுவதா என்று தெரியவில்லை.

மூன்று பேரும் விரிப்பின் ஓரங்களைப் பிடித்தோம். அவள் மெதுவாக, "தூக்குங்க," என்றாள். தூக்கினோம். கனமே இல்லை. பக்கவாட்டில் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்தோம். அத்தை கண்ணைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

ஆயா மகள் அவருடைய நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "என் கூட்டாளிங்க அத்த. என்னப் பாக்க வந்திருக்காங்க."

அத்தை "ஒக்காரச் சொல்லு," என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம்.